சேர்த்து வைத்த மாத்திரை

மண்சரிவில் வீடு போனபின் முகாமில் எல்லோருக்கும் ஒரு புத்தி வந்துவிட்டது: கையில் கிடைத்ததை உடனே தீர்த்துவிடக் கூடாது. பிஸ்கட்டை ஒளித்தார்கள், சோப்பை ஒளித்தார்கள். பஸ் டிரைவர் ஒரு படி மேலே போய், தினமும் கொடுத்த பிரஷர் மாத்திரையை விழுங்காமல் சேர்த்து வைத்தார். மகா கெட்டிக்காரர். தேவைப்படும் நாளில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாமாம்.

அந்த நாள் இன்றுதான்; முகாமுக்கு வரும் டாக்டரம்மா பரிசோதித்துச் சான்றிதழ் எழுதும் நாள். பிரஷர் சரியாக இருந்தால், முகாம் பிள்ளைகளை மலைச்சாலை வழியாகப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேலை நாளைக்கே கிடைக்கும். வேலை கிடைத்தால் ஒரு வாடகை வீடு பார்க்கலாம். விடிந்ததும் ஐந்து மாத்திரைகளை அவர் ஒன்றாக விழுங்கியதை மனைவி பார்த்துவிட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார்.

மதியம் டாக்டரம்மாவைப் பார்க்கும் வரிசையில் அவள் அவர் பின்னாலேயே நின்றாள். அவர் சுவரைப் பிடித்தபடி நகர்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் ஏறி, மெல்ல இறங்கியது.

"பரவாயில்லையே. போன வாரம் எகிறிக்கிட்டு நின்னுச்சு, இன்னைக்கு நல்லா எறங்கியிருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"தவறாம போடுறேன் டாக்டர்." வாய் கூசாமல் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். மனைவிக்கு அந்த வாடகை வீட்டின் கதவு கண்ணில் தெரிந்தது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். மலைச்சாலையின் வளைவும் தெரிந்தது. பஸ்ஸில் முன் சீட் எனக்குத்தான் என்று இப்போதே சண்டை போடும் மகளும் தெரிந்தாள். இந்த மனுஷன் மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதாதீங்க டாக்டர். காலையில அஞ்சு மாத்திரை ஒண்ணா முழுங்கியிருக்காரு. இத்தனை நாளா ஒண்ணுகூடப் போடல."

"வாய மூடு," என்று அவர் விருட்டென எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் செருகி, மேசையோடு சரிந்தார்.

தரையில் படுக்கவைத்து, காலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மனைவி அவர் கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவை சில்லிட்டிருந்தன. கண் திறக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வீடு கெடைச்சிருக்கும்," என்றார். "கெடுத்துட்டியே."

"ஆமா, நான்தான் கெடுத்தேன். வீடில்லாம இருந்து பாத்தாச்சு, எப்படியோ இருக்க முடியுது. நீங்க இல்லாம இருந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கால்களை மடியிலிருந்து இறக்கவில்லை.