வெர்னாவின் உண்ணி

1
இந்தக் கதை எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் கதவில் கிடைத்தது, கண்ணுகளா. பக்கத்து வீட்டு வெர்னா, முழங்காலுக்குப் பின்னால் கடித்த உண்ணியைப் பிடுங்கி, செல்லோடேப்பில் ஒட்டி, பேத்தியின் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டுமே.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மான்கள் காட்டோரம் இறங்கி வரும் நவம்பர் மாலையில்…" வேண்டாம். மானை விவரிக்க இப்போது தெம்பில்லை.

2
போன வருடக் கோடையில் வெர்னாவுக்கு, உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் வந்தது. காய்ச்சல், தொடையில் வட்டமாகச் சிவப்பு, தொடையிடுக்கில் நெறி. மாத்திரை தின்றாள், எல்லாம் வடிந்தது. இந்த வருடமும் ஒரு கடி, ஒரு கட்டி. ஆனால் கட்டி இடது காறையெலும்புக்கு மேலே, கழுத்தடியில், கொண்டைக்கடலை அளவு. வலியில்லை. கணவன் மெர்லுக்கு எப்போதோ கொடுத்ததில் மிச்சமிருந்த மாத்திரைகளை எடுத்துத் தின்றாள். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

[முந்தைய பிரதியில் "பட்டாணி அளவு" என்றிருந்தது. அழகுக்காக மாற்றினேன் என்று சொல்லத்தான் ஆசை.]

3
"உண்ணிதான். அதோ, குத்தவாளி ஒட்டிக்கிட்டிருக்கான்," என்றாள் வெர்னா.

"அவன் கடிச்சது கால்ல. கழுத்துக்கு எதுக்குடி ஏறுறான்?" என்றேன்.

மெர்ல் குறுக்கே வந்தான். "பூனை பிறாண்டினாலும் நெறி கட்டும்."

"யோவ், பூனை செத்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ சொத்தைப் பல்லு."

"எனக்கு வாய் முழுக்கக் கட்டுன பல்லுய்யா!"

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

4
மருத்துவமனைச் செவிலி டெல்ஃபினைக் கடுகடுப்பானவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெர்னா கட்டியைக் காட்டப் போனபோது, வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் கழுத்தைத் தொட்டாளாம்.

"உண்ணி கடிச்சா பெரும்பாலும் கடிச்ச இடத்துக்குப் பக்கத்துலதாம்மா நெறி கட்டும். தொட்டா வலிக்கும், நகரும். இது கல்லு மாதிரி நிக்குது. வேற தொற்றா இருக்கலாம், அதைவிடப் பெருசாவும் இருக்கலாம். ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை வெர்னா போகவில்லை. மெர்ல் சுட்டு வந்த மானை அறுக்க வேண்டும் என்றாள். கறி காத்திருக்காதாம்.

5
அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, என்னைப் பத்தி எழுதறியாமே? மெர்ல் உளறிட்டான். உண்ணின்னு முடிச்சிடேன்."

"முடிச்சா?"

"படிச்சிட்டு நிம்மதியாத் தூங்குவேன்."

"அப்போ ஊசி?"

"அதான் கதையிலயே தெரிஞ்சிடுமே."

முடிவு அ: உண்ணிதான். இன்னொரு சுற்று மாத்திரை. முதல் பனி விழும்போது வெர்னா கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள், அங்கே ஒன்றுமில்லை… (சரளமாக வந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: டெல்ஃபின் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்து, வெர்னாவுக்கு எதிரே…

6
இல்லை. கை வலிக்கிறது.

முதல் முடிவைக் கொடுத்தால் அவள் ஊசிக்குப் போகமாட்டாள். இரண்டாவதைக் கொடுத்தாலும் பயத்தில் போகமாட்டாள். ஆகவே முடிவுகளைக் கிழித்துவிட்டு, மீதி அரைகுறையை மட்டும் கொடுத்தேன்.

"மிச்சம் எங்கக்கா?"

"ஊசிக்குப் போயிட்டு வா."

"கிராதகி!"

"ஆமாடி."

7
மறு வியாழன், காலை. மெர்ல் வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருப்பது என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. வெர்னா வாசற்படியில் நிற்கிறாள். தலையில் வேட்டைக்கால ஆரஞ்சுத் தொப்பி. கையில் ஃபிரிட்ஜிலிருந்து உண்ணியோடு உரித்தெடுத்த செல்லோடேப். டெல்ஃபினிடம் காட்டி வாதாடப் போகிறாள் போலும். அல்லது திரும்பவும் உள்ளே போய் ஒட்டப் போகிறாளோ.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. கண்ணுகளா, நீங்கள் போய் அந்த வண்டிக் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். கட்டி எதுவாகவும் இருக்கட்டும். முதலில் அவள் ஏறட்டும்.