கொலெற்றம்மாள் கையில் பிளாஸ்டிக் ரோசா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஜெனாட் கேட்டு வாங்கினாள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள், நான் குசினியில் சமையல். மதிய இடைவேளையில் என் முன்னால் வந்து தொப்பென்று இருந்தாள்.

"மங்கை, நீ கதை எழுதுறனியெல்லோ. கொலெற்றம்மாளின்ர சீவியத்தை எழுதித் தா."

"ஆர் உது? உங்கட சேர்ச்சில ஆரும் செத்துப்போச்சினமோ?"

"செத்து அறுநூறு வரியத்துக்குக் கிட்ட. அர்ச்சிஷ்டவ. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு வாசிச்சுக் காட்டவேணும். அவன் ஓம் எண்டால்தான் திங்கட்கிழமை நான் புது வீட்டுப் பேப்பரில கையெழுத்து வைக்கலாம்."

நான் சைவக்காரி. எனக்குத் தெரிந்த அர்ச்சிஷ்டவர், அதாவது புனிதர், அந்தோனியார் ஒருவர்தான், அவரையும் கார்ச் சாவி தொலையும்போது மட்டும்தான் கூப்பிடுவேன். மாட்டேன் என்றேன். ஜெனாட் போகவில்லை. என் தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே வாசகரே, கோபிக்க வேண்டாம், இந்தக் கதையின் முதல் வாசகர் நீங்கள் இல்லை. கிளிபோட் என்ற நாற்பத்துமூன்று வயது லொறிச் சாரதி. நீங்கள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள். பாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

2

முதல் தொடக்கம்: "பிரான்சு தேசத்தின் வடக்கே, கொர்பி என்னும் ஊரில், 1381ஆம் ஆண்டு, ஒரு தச்சனுக்கும் அவன் மனைவிக்கும் வயதுபோன காலத்தில் ஒரு பெண் குழந்தை—"

வெட்டிவிட்டேன். விழா மலர்க் கட்டுரை போல இருக்கிறது. வின்னிப்பெக் வரைக்கும் லொறி ஓடிவிட்டு வருகிறவன் இரண்டாம் வரியிலேயே குறட்டை விடுவான்.

இரண்டாம் தொடக்கம்: "வெறுங்காலோடு, உறைபனியில், அவள்—"

இதுவும் வேண்டாம். ஹீற்றரைக் காலடியில் வைத்துக்கொண்டு இதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாம் தொடக்கம்தான் சரி. மல்வேர்னில் ஒரு யாட்சேல். ஆரோ வெள்ளைக்காரர் வீட்டைக் காலி பண்ணுகிறார்கள். புல்லில், பழைய ரோஸ்ரருக்கும் ஸ்கேற்றிங் சப்பாத்துக்கும் நடுவில், துறவி உடுப்பில் ஒரு பெண்ணின் சிலை. கையில் சிலுவை, காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. ஜெனாட் பார்த்தவுடனே தீர்ப்புச் சொன்னாள்: "சிறுமலர் தெரேசம்மா!" தெரேசம்மா என்றால் கையில் ரோசாப்பூ இருக்கவேண்டுமே? உடைந்து விழுந்திருக்கும் என்று அவளே முடிவு கட்டினாள். டொலர் கடையில் மூன்று பிளாஸ்டிக் ரோசா வாங்கி, சிலுவையோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டாள். ஆட்டுக்குட்டியை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அந்தச் சிலைக்கு முன்னால்தான், 2009 மே மாதம், வன்னியில் சண்டைக்குள் இருந்த தம்பியைப் பற்றி மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லாத நாளில், ஜெனாட் முழந்தாளிட்டாள்.

"தாயே, தம்பி உயிரோட வரவேணும். வந்தால் சாகுமட்டும் அவன்ர வீட்டில இருந்து அவனைப் பாப்பன். வேற சீவியம் தேடிப் போகமாட்டன்."

தம்பி வந்தான். முகாமிலிருந்து தப்பி, நாலு வருடம் அலைந்து, பியர்சன் விமானநிலையத்தில் எலும்பும் தோலுமாக இறங்கினான். கார் நிறுத்துமிடத்தில் வைத்தே ஜெனாட் அவனிடம் நேர்த்தியைச் சொன்னாள். சந்தோஷத்தில் சொன்னாள். "அண்டைக்கு என்ர வாயைத் தைச்சிருக்கவேணும்," என்று இப்போது சொல்கிறாள். கிளிபோட் பிறகு செரீனாவைக் கலியாணம் கட்டி, மல்வேர்னில் ரவுண்ஹவுஸ் வீடொன்று எடுத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டான். ஜெனாட் அந்த வீட்டு பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், இருக்கிறாள், வயது ஐம்பத்தாறு.

3

போன வருடம் எங்கள் இல்லத்துக்கு ஒரு பெல்ஜியத்து அம்மா வந்தார். கெந்த் நகரத்தில் பிறந்தவர், தொண்ணூற்றொரு வயது. ஜெனாட்டின் போனில் சிலையின் படத்தைக் கண்டதும் அவர் படுக்கையில் நிமிர்ந்தார். "கொலெற்! எங்கள் ஊரில் இறந்த கொலெற்! இவள் கையில் எதற்கு இந்தக் குப்பை?"

குப்பை என்றது ரோசாவை.

ஜெனாட் அன்று குசினி வாசலில் வந்து நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். "மங்கை, இவ்வளவு காலமும் ஆளை மாறிக் கும்பிட்டிட்டன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பெயரை மாற்றிக் கூப்பிட்ட நேர்த்தி செல்லுமா? தம்பியைக் காப்பாற்றியது எந்த அம்மா? தெரேசம்மா கேட்காமல் விட்டு, கொலெற்றம்மா கேட்டாவோ? அவள் வீட்டுக்குப் போய் முதலில் ரோசாவைக் கழற்றினாள். பிறகு கொலெற்றின் சரித்திரத்தைத் தேடி வாசித்தாள். வாசித்த பிறகு அவள் பழைய ஜெனாட் இல்லை.

4

என்ன வாசித்தாள் என்பதை என் பாணியில் சொல்கிறேன்.

நிக்கிலாஸ் அர்ச்சிஷ்டவரை மன்றாடிப் பெற்ற பிள்ளை, அதனால் பெயர் நிக்கொலெற், செல்லமாகக் கொலெற். [ஜெனாட்டின் தகப்பன் பெயர் நீக்கிலாப்பிள்ளை. அதே அர்ச்சிஷ்டவர்தான். இதைக் கண்டுபிடித்த அன்று அவள் எனக்குப் பதினொரு வட்ஸ்அப் அனுப்பினாள்.] பதினெட்டு வயதளவில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். ஒரு துறவறக் கூட்டத்தில் சேர்ந்தாள், தவம் போதாது என்று வெளியே வந்தாள். இன்னொன்றில் சேர்ந்தாள், அதுவும் போதவில்லை. [எங்கள் சனம் என்றால் "உவளுக்கு ஒரு இடமும் ஒத்துவராது" என்று ஒரே வரியில் சரித்திரத்தை முடித்திருக்கும்.] இருபத்தொரு வயதில் கோவிலோடு ஒட்டிய சின்ன அறைக்குள் போனாள். வாசலை அடைத்துவிட்டார்கள். கோவிலுக்குள் பார்க்க ஒரு சாளரம் மட்டும். சாகுமட்டும் வெளியே வருவதில்லை என்பது அவள் கொடுத்த வார்த்தைப்பாடு. நாலு வருடம் அப்படி இருந்தாள்.

உள்ளே இருக்கும்போதே அழைப்பு வந்தது: வெளியே போ, கிளாரம்மாள் தொடக்கிய துறவிப் பெண்களின் மடங்களைத் திருத்து, புதிதாகக் கட்டு. அவள் ஏலாது என்றாள். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? மறுத்ததால் மூன்று நாள் பேச்சும் மூன்று நாள் கண்பார்வையும் போயின என்று சொல்வார்கள்.*

* சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு மனுசி தன் வாக்கை மீறப் பயந்து வாயடைத்துப்போய்க் கிடந்தாள் என்றால், அதை நம்ப எனக்கு அற்புதம் ஒன்றும் தேவையில்லை.

கடைசியில் வார்த்தைப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைத்தது. சுவரை விட்டு வெளியே வந்தாள். 1406இல் நீஸ் நகரத்துக்குப் போய்ப் பாப்பரசரைக் கண்டாள். அங்கேதான் வில்லங்கம். அந்தக் காலத்தில் பாப்பரசர் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். அவள் பணிந்தவர் பதின்மூன்றாம் பெனடிக்ற். இன்றைக்குத் திருச்சபையின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மடம் கட்டும் அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தவர் அந்த ஆள்தான்!

அதை வைத்துக்கொண்டு அந்த மனுசி என்ன செய்தாள் தெரியுமா? முதலில் எதிர்ப்பும் ஏளனமும்தான் கிடைத்தன. பயப்படாமல் நடந்தாள். வெறுங்காலோடு வாழ்ந்தாள். சாவதற்குள் பதினேழு மடங்கள். சொல்ல வெட்கமில்லை, இந்த மனுசியை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. நாலு வருடம் சுவருக்குள் இருந்தவளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு ஓட்டம் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குக் கறியில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

5

ஜெனாட் எழுப்ப நினைப்பது ஒரேயொரு வீடு. எங்கள் சலவைப்பகுதியில் வேலை செய்யும் ஷாமிலா, புருஷனை இழந்தவள், மாசி மாதம் தன் அறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இரண்டு நாள் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தாள். கதவை உடைத்துத் தூக்கினபோது பக்கத்தில் நின்றவள் ஜெனாட். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: தனியாக இருக்கும் பெண்கள் நாலு பேர் ஒரே கூரைக்குள் இருக்கவேண்டும், ஒரு பானை, ஆளுக்கொரு கடவுள்.

"மடம் எண்டு எழுதிப்போடாதை," என்றாள். "ஷாமிலாவுக்கு ஐஞ்சு நேரத் தொழுகை, எனக்குச் செபமாலையும் முழங்கால் நோவும். உதில என்ன மடம்?"

கிளிபோட் விடமாட்டேன் என்கிறான். "நேர்த்தி நேர்த்திதான் அக்கா. ஆளை மாத்திக் கூப்பிட்டாலும் கேட்டது கிடைச்சதுதானே."

என் முதல் பிரதியில் அவனை வில்லனாக்கினேன். "சம்பளமில்லாத வேலைக்காரியை இழக்க மனமில்லாத அந்தத் தம்பி—" என்று ஒரு வசனம், மிகவும் ரசித்து எழுதினது. பிறகு, வாசிப்புக்கு முதல்நாள் சனிக்கிழமை, அவர்கள் வீட்டுக்குப் போனேன். செரீனா தேத்தண்ணி கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சாள் போனால் எனக்குப் பிரச்சினை இல்லை, மங்கையக்கா. பிள்ளையளும் வளந்திட்டுதுகள். இவர்தான். மச்சாள் வீட்டை விட்டுப் போறா எண்டு கனவு கண்டு, இவர் ரெண்டு தரம் வின்னிப்பெக் ட்ரிப்பைக் கான்சல் பண்ணினவர். அந்த நேர்த்தி முறிஞ்சால் தன்ர உயிரும் திரும்பப் போயிடும் எண்டு நினைக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

அந்த வசனத்தை அழித்தேன். குண்டு விழுந்த இடத்திலிருந்து தான் மட்டும் எழும்பி வந்தது அக்காவின் வாக்கினால்தான் என்று நம்புகிறவன், அந்த வாக்கை எப்படி விடுவான்? எனக்கு அவனைக் குற்றம் சொல்லத் தெரியவில்லை.

6

முடிவுகள்.

அ) கிளிபோட் கண்கலங்கி, "போட்டு வா அக்கா" என்கிறான். [இலகுவாக முடிந்துவிட்டது. ஒரு பக்க வாசிப்பில் பயம் போகுமென்றால் ஊரில் வைத்தியர்களுக்கு வேலை ஏது.]

ஆ) ஜெனாட் சொல்லாமல் போகிறாள். தண்டர் பே தாண்டி, பனியில், லொறி— [இதை எழுத வெளிக்கிட்ட கைக்கு நல்ல அடி கொடுக்கவேண்டும்.]

இ) ஜெனாட் பேஸ்மென்றிலேயே இருந்துவிடுகிறாள். [இது எழுதாமலே நடக்கக்கூடியது. எங்கள் வீடுகளில் நடந்துகொண்டும் இருக்கிறது.]

ஒன்றும் சரிவராமல் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, ஜெனாட்டிடம் கொடுத்தேன்.

7

ஞாயிறு பூசை முடிந்த பிறகு, மல்வேர்ன் வீட்டில், சாப்பாட்டு மேசையில் ஜெனாட் வாசித்தாள். நானும் இருந்தேன். தன்னைப் பற்றிய ஐந்தாம் பகுதி வந்தபோது கிளிபோட் செரீனாவைப் பார்த்தான். செரீனா யன்னலைப் பார்த்தாள். பாப்பரசர் விஷயம்தான் அவனுக்குள் நின்றிருக்கிறது.

"அக்கா, அந்தப் பாப்பரசர் சரியான ஆள் இல்லையெண்டால், அவர் குடுத்த அதிகாரம் செல்லுமோ?"

"அந்த மடங்களில சனம் செபிச்சதுதானே தம்பி. அர்ச்சிஷ்டவ எண்டு சேர்ச்சும் ஏத்ததுதானே."

அவன் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, என் முன்னால் என்றும் பாராமல் சொன்னான்: "எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா. நீ போனால் நான் செத்துப்போவன் எண்டு பயமாக் கிடக்கு."

ஜெனாட் தாள்களை மேசையில் வைத்தாள்.

"தெரியுமடா. உன்னைக் கேக்காமல் உன்ர உயிரை வைச்சு நேர்ந்தவள் நான். நீ உயிர் தப்பி வந்தனி. நான் உன்னைத் திரும்ப இந்த நேர்த்திக்குள்ள போட்டு அடைச்சிட்டன். அது என்ர பிழை, உன்ர பிழையில்லை." மூக்கைத் துடைத்தாள். "நீ வேண்டாமெண்டால் நான் போகேல்லை. ஆனா பயத்தில சொல்லாதை. யோசிச்சுச் சொல்லு."

கிளிபோட் என் பக்கம் திரும்பினான். "மங்கையக்கா, முடிவை என்னெண்டு எழுதியிருக்கிறியள்?"

வெறுந்தாளைக் காட்டினேன். பேனை கேட்டான். கொடுத்தேன். பெரிய லொறியைப் பின்னுக்கு எடுக்கிற கவனத்தோடு ஒரே ஒரு வரி எழுதி, மடித்து, அக்காவிடம் நீட்டினான். அவள் வாசித்துவிட்டு அழுதாள். அழுகையை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஜெனாட் பால்மா விளம்பரத்துக்கும் அழுகிறவள்.

ஜெனாட் பிறகு காட்டினாள், அந்த வரி எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அது அவன் தன் அக்காவுக்கு எழுதினது. ஆனால் இவ்வளவு நேரமும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்களும் எப்படியோ தப்பி வந்தவர்தான். உங்கள் பெயரைச் சொல்லி ஆரோ ஒருத்தி, உங்களைக் கேட்காமலே, தன்னை ஒரு வீட்டுக்குள் அடைத்துக்கொண்டாள். இன்னமும் இருக்கிறாள். பேனையை எடுங்கள். கீழே அவளுக்கு ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன்.

___________________________