கழுகுமூக்கனின் வைவா

சிறகுக்கு அடியில் முதுகு அரித்தது. சொறிய வழியில்லை. கை இரண்டும் அப்போது முன்னங்கால்கள்.

அறைக்குள் அக்காவுக்கு வைவா, அதாவது முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, நடந்துகொண்டிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் நான், சிங்க உடம்பும் கழுகு மூக்கும் பாம்பு வாலுமாக, எப்போது கூப்பிடுவார்களோ என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். உட்காரவும் முடியாது, வாலுக்குள் பிரம்பு. அந்தப் பக்கமாக வந்த அட்டெண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட்மிஷன் அடுத்த பில்டிங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் ஆராய்ச்சி, பழைய நாடகங்களில் புராண அரக்கர்களுக்குத் தைத்த உடைகளைப் பற்றியது. உடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதெல்லாம் செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்த படங்கள்தான். அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண்ணாடி நம்பர் ஏறியது, கல்யாணப் பேச்சு இறங்கியது.

"இதையெல்லாம் மனுஷன் நிஜமாவே போட்டுக்கிட்டு மேடையில நடந்தான்" என்பது அக்காவின் கட்சி. "எல்லாம் வரைஞ்சவன் கற்பனைம்மா, யாராலயும் நடக்க முடியாது" என்பது அவளுடைய கைடின் கட்சி. அவரும் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாவும் ஒத்துக்கொண்டால்தான் பட்டம். ஆகவே அக்கா ஒரு படத்தைப் பார்த்து அப்படியே தைத்து, தம்பி என்ற ஒரே தகுதிக்காக என்னை உள்ளே திணித்துவிட்டாள்.

கதவு திறந்தது. "வாடா!"

நேராகப் போனேன். சிறகு இரண்டும் கதவு நிலையில் முட்டின. பின்வாங்கி மறுபடி முட்டினேன். எங்கோ மூங்கில் முறிந்தது.

"பாத்தீங்களா!" கைடு பிஸ்கட்டைக் கடித்தார். "கதவையே தாண்டல, மேடையில எங்க நடக்கறது?"

மூக்கிலிருந்த ஓட்டை வழியாக அக்கா முகம் மட்டும் தெரிந்தது. வெளிறிப்போயிருந்தது. எப்படியாவது வந்துடுடா என்றது.

பக்கவாட்டில் திரும்பினேன். ஒரு சிறகு முன்னால் நுழைந்தது. வால் படியில் மாட்டவே, ஒரு காலைத் தூக்கி, தலையைத் தோளுக்கு மேல் திருப்பி வாலைப் பார்த்தபடி நொண்டி நொண்டி வந்தேன்.

"அப்படியே நில்லு!" அக்கா கத்தினாள்.

தேர்வாளர் அம்மா மேஜையிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக என் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லா அரக்கனுக்கும் ஒரு கால் தூக்கியிருந்தது, தலை தோளுக்கு மேல் திரும்பியிருந்தது.

"இதை நடன அசைவுன்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கீங்களேம்மா?"

"தப்பு மேடம்." அக்கா யோசிக்கவே இல்லை. "நடனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேடைக்கு வர்ற வழி குறுகல். நுழையறப்ப பாத்ததை வரைஞ்சிருக்காங்க. போட்டு நடக்காம இப்படி வரைய முடியாது."

கைடு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஆரம்பத்துலேருந்து இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

அந்த அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதித் தரவேண்டும் என்று சொல்லிப் பட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். எல்லோரும் கைடுக்குக் கை கொடுத்தார்கள்.

"சந்தோஷம்மா. நீங்க கிளம்பலாம்" என்றார் கைடு.

அக்காவுக்குக் காதிலேயே விழவில்லை. தரையில் மண்டிபோட்டுப் படங்களைப் பரப்பி, புரட்டி, மறுபடி பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குடுத்துட்டாங்கக்கா. வீட்டுக்குப் போலாம்."

"அது கிடக்கட்டும்டா. உள்ள வந்தவன் வெளிய எப்படிப் போனான்? ஒரு படத்துலயும் இல்லையே! எங்க, போ பாக்கலாம்."

தேர்வாளர் அம்மா தன் நாற்காலியை இழுத்து எனக்கு வழிவிட்டார்.