புத்தகம் சொன்ன சம்மதம்

ஷிராஸில் எங்கள் வீட்டில் எதற்கும் கவிதைப் புத்தகத்தைத்தான் கேட்போம். கண்ணை மூடி, ஆண்டவனை நினைத்துப் பிரிக்க வேண்டும். கண்ணில் படும் பாட்டுதான் அவன் சித்தம். ஹுஷங் என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் அப்பா அதையே சொன்னார்.

அம்மாவுக்கு அவள் அண்ணன் மகன்மேல் கண். ஹுஷங்கின் சொத்தோ வாத்தியார் வேலையும் ஒரு சைக்கிளும்தான்.

"நான் யாரு முடிவு சொல்ல? வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் கேப்போம். அது வேணாம்னா வேணாம்தான்" என்றார் அப்பா. பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். அளவில் ஒரு விரல்கூடக் குறைத்ததில்லை.

ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிட எனக்குத் தைரியமில்லை. 'வந்தவன் உன்னவன், கதவைத் திற' என்ற வரி உச்சியில் இருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். தானாக அங்கேயே பிரியும்படி விரித்து, மெத்தைக்கடியில் வைத்து, நான்கு நாள் அதன்மேலேயே படுத்தேன்.

வெள்ளிக்கிழமை தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்றேன். அப்பா புத்தகத்தைப் பிரித்தார். பிறகு ஒரு தாளைப் பின்னுக்குத் திருப்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கணீரென்று படித்தார்:

"துணியை அளந்து தந்தவன் அவன்;
கத்தரிக்கோல் உன் கையில், வெட்டப் பயப்படாதே."

"அப்புறமென்ன, சம்மதம் சொல்லிடுச்சு" என்றார்.

"புத்தகமா வந்து குடும்பம் நடத்தப் போகுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா இனிப்பு எடுக்கப் போனாள்.

என் தந்திரம் பலிக்கவில்லை, ஆண்டவனே மனம் வைத்தான் என்று நாற்பத்தோரு வருடம் நம்பினேன். சண்டை வந்தால், "உங்களை நானா கட்டிக்கிட்டேன்? மேல இருக்கறவன்ல கட்டி வச்சான்!" என்பேன்.

"அப்ப அவன்கிட்டயே போய்ச் சண்டை போடு, ஜான், என் உயிரே" என்று ஹுஷங் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நின்று ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை.

அவர் கல்லறைக் கல்லில் அப்பா அன்று படித்த வரியைத்தான் பொறிக்க நினைத்தேன். எழுத்துப் பிசகாமல் கொடுக்கவேண்டுமே என்று அப்பாவின் புத்தகத்தில் தேடினேன். மூன்று முறை முழுதாகப் புரட்டியும் அது கிடைக்கவில்லை.

கீழே வைத்தால் புத்தகம் இன்னமும் நான் அழுத்திய பக்கத்தில்தான் பிரிகிறது. அப்போதுதான் உறைத்தது. பாட்டு முந்தின தாளில் தொடங்கினால் அங்கே போய்த் தொடக்கத்தைத்தான் படிக்கவேண்டும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வழக்கம். பத்தொன்பது வயது அவசரத்தில் எனக்கு அது மறந்துபோயிருக்கிறது. தாளைத் திருப்பினேன். 'கேட்காதே, இந்தப் பிரிவு எழுதப்பட்டது' என்று தொடங்கியது பாட்டு.

அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அப்பா அப்படிப் படித்திருக்கிறார். எந்த ஞானி கத்தரிக்கோலைப் பாடினான்? இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவே இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

கல் செதுக்குபவர் வரியைப் படித்துப் பார்த்தார். "நல்லாருக்கும்மா. கவிஞர் பேரு போடணுமா?"

"போடுங்க. மிர்சா யூசுஃப், துணி வியாபாரி."

"அப்படி ஒரு கவிஞரைக் கேள்விப்பட்டதே இல்லையேம்மா?"

"எனக்கே போன வாரம்தான் தெரியும்" என்றேன்.