பகல் ரொட்டி

ரொட்டிக்காரருக்குத் தன் சகலையைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சகலை வாயைத் திறந்தால்தான் பிடிக்காது.

சகலை சலவைக்கடை வைத்திருந்தார். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரித் திரைச்சீலையும் காலையில் மூட்டை மூட்டையாக வந்து, வெளுத்து, தேய்த்து, மாலைக்குள் திரும்பிப் போகும் பெரிய கடை. அதன் கூரை முழுக்க சோலார் பேனல் போட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. குழந்தையின் பிறந்தநாள் விழா என்றாலும் சரி, கால் முறிந்து படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போனாலும் சரி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிடுவார்.

"பாருங்க சகல, இன்னிக்கு முழுக்க மேகமூட்டம். அப்பவும் எவ்ளோ கரண்ட் எடுத்திருக்கு பாருங்க. பில் வந்தா நான் பிரிச்சுக்கூடப் பாக்கறதில்ல."

ரொட்டிக்காரர் தலையை மட்டும் ஆட்டுவார். வீட்டில் அவருக்குச் 'சூரியன்' என்று பெயர் வைத்திருந்தார்.

"நாளைக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போறோமே, சூரியன் இருக்குமா?"

"அத்தான் இருப்பாரு. பேசாம வாங்க" என்பாள் மனைவி.

கேலி செய்தாரே தவிர, அந்தப் பேச்சு மனதில் அரித்துக்கொண்டேதான் இருந்தது. அவருடைய பேக்கரியில் மூன்று மின்சார ஓவன், மாவு பிசையும் மெஷின், ஒரு குளிர் அறை. விற்ற ரொட்டியில் மூன்றில் ஒன்று மின்சாரத்துக்கே போகிறது என்று அவர் சொல்லிக்கொள்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த வருஷம் மின்கட்டணத்தை ஏற்றியபோது அது மிகையாகவே தோன்றவில்லை. மனைவிக்கும் சொல்லாமல் சோலார் கம்பெனிக்குப் போன் போட்டார்.

அளவெடுக்க ஓர் இளம் இன்ஜினியர் பெண் வந்தாள். எப்படியோ மோப்பம் பிடித்துச் சகலையும் வந்து சேர்ந்தார். அவள் டேப்பைப் பிடித்துக் கூரையை அளந்தாள், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள், கீழே இறங்கி வந்து கேட்டாள்:

"ஓவன் எல்லாம் எந்நேரம் ஓடும் சார்?"

சகலை பக்கத்தில் நிற்கிறாரே. ரொட்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நம்ம கடை தூங்கறதே இல்லம்மா. ராத்திரி, பகல் எல்லாம் ஒண்ணுதான்."

கடை தூங்குவதில்லை என்பது உண்மைதான். பகல் முழுக்க மனைவி கவுண்டரில் இருந்தாள். ஆனால் ஓவன்கள் நள்ளிரவில் சூடேறி, விடியும்போது அணைந்துவிடும். இன்ஜினியர் பெண் அதைத் துருவிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாள் முழுக்க ஓடும் என்று வைத்து அவள் கணக்குப் போட்டாள். போட்ட பணம் ஆறு வருஷத்தில் திரும்பிவிடும், பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கும், நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரும், மற்றபடி ஆறு வருஷத்துக்கப்புறம் வருவதெல்லாம் லாபம் என்றாள். பேங்க்கில் கடன் கிடைத்தது. கூரைத் தகடு பலவீனமாக இருந்ததால் கீழே இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. தொட்டியையும் நகர்த்த வேண்டியிருந்தது. கணக்கில் இல்லாத இந்தச் செலவை அவர் சகலையிடம் மட்டும் மறைத்துவிட்டார்.

பேனல்கள் ஏறின. சுவரில் இன்வெர்ட்டர் முணுமுணுத்தது. புது மீட்டர் வந்தது. ரொட்டிக்காரர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, இடுப்பில் கைவைத்துத் தன் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

முதல் பில் வந்தது. ஒரு ஜோடி செருப்பு வாங்கும் அளவுக்குக் குறைந்திருந்தது. நல்ல செருப்புகூட இல்லை. பில்லும் கட்டி, கடன் தவணையும் கட்டியபோது, முன்னைவிட அதிகமாகவே கையைக் கடித்தது.

இரண்டு நாள் யாரிடமும் அவர் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு பன் முழுக்கக் கருகிற்று. இத்தனை வருஷத்தில் அவர் கையில் பன் கருகிப் பார்த்திராத மனைவி, காரணத்தைத் துருவி வாங்கிவிட்டாள். அவள் அக்காவுக்குப் போன் செய்ய, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய வாளியும் நீளக் கம்பு வைத்த துடைப்பானுமாகச் சகலை வாசலில் நின்றார்.

"வாங்க சகல. சிரிக்கணும்னா உள்ள வந்து சிரிங்க" என்றார் ரொட்டிக்காரர்.

"சிரிக்க வரல. ஏணி எங்க?"

மேலே ஏறிப் பார்த்தால், பேனல்கள் மேல் வெள்ளைப் படலம். பிசையும் அறையின் காற்றாடி வெளியே தள்ளிய மாவுத்தூசு படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து அப்பளம் போல ஒட்டிக்கிடந்தது. சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார்.

"அழுக்கெடுக்கறது என் தொழில். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க. ஐயோ, இப்படியா ஊத்துவீங்க? நான் என்ன பேனலா?"

இருவரும் தொப்பலாக நனைந்து இறங்கினார்கள். கரண்ட் உற்பத்தி கொஞ்சம் கூடியது. ஆனால் மீட்டர் ஓடிய ஓட்டம் குறையவில்லை. தூசு மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்ததும் இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவள் மறுநாளே வந்தாள். போனில் இரண்டு கோட்டுப் படங்களை எடுத்து, மாவு மேடையின் மேல் வைத்தாள். ஒன்று கூரை எடுக்கும் கரண்ட். காலையில் மெல்ல ஏறி, மதியம் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கும் ஒரு மலை. மற்றது கடை செலவழிக்கும் கரண்ட். அதுவும் மலைதான். ஆனால் நள்ளிரவில் ஏறி, விடியற்காலையில் இறங்கிவிட்டிருந்தது.

"ரெண்டு மலையும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே இல்ல சார்" என்றாள். "பகல்ல கூரை வேலை செய்யுது, ஓவன் தூங்குது. ராத்திரி ஓவன் வேலை செய்யுது, கூரை தூங்குது. பகல்ல மிச்சமாகுற கரண்ட் லைனுக்குப் போயிடுது. அதுக்கு மின்வாரியத்துல குடுக்கறது ரொம்பக் கம்மி. ராத்திரி நீங்க அவங்ககிட்ட வாங்கறது அதுல மூணு மடங்கு விலை."

ரொட்டிக்காரர் மாவு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தாம்மா அன்னிக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஓடுதுன்னு அளந்துவிட்டேன்."

"நானும் பழைய பில்லை மட்டும் பாத்துட்டு விட்டிருக்கக் கூடாது சார். மணிவாரியா கேட்டிருக்கணும்."

"நானும்தான் பக்கத்துல நின்னேன்" என்றார் சகலை. "என் மெஷின் எல்லாம் பகல்லதான் ஓடுது. அதனாலதான் எனக்குப் பலிச்சிருக்கு. அது எனக்கே இப்பதான் தெரியுது. ஏதோ நான் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பேட்டரி வைத்தால் பகல் கரண்டை ராத்திரிக்குச் சேர்த்து வைக்கலாம் என்று அவள் சொன்னாள். விலையையும் சொன்னாள். பேனலுக்கு ஆன செலவு இன்னொரு தடவை.

கவுண்டரில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "வெயில ராத்திரிக்குக் கொண்டு வரத்தானே அவ்ளோ செலவு? ஓவன பகலுக்குக் கொண்டு வாங்களேன்."

"ரொட்டின்னா ராத்திரி சுடறது" என்றார் ரொட்டிக்காரர். "காலைல ஜனங்க கையில சூடா இருக்கணும்."

"யார் கையில சூடா இருக்கு? நீங்க நாலு மணிக்கு ஓவன்லேர்ந்து எடுக்கறீங்க. கடைங்களுக்குப் போய்ச் சேர்றப்ப ஏழு. இங்க நான் விக்கறப்ப பத்து. ஆறிப்போன ரொட்டியத்தான் இத்தனை வருஷமா சூடான ரொட்டின்னு வித்துக்கிட்டிருக்கேன்."

உள்ளே மாவு பிசையும் 'உப்பு' தலையை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பிசைவுக்கு உப்புப் போட மறந்ததில் வந்த பெயர் அது. இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான்.

"அண்ணே, எனக்குச் சம்மதம்."

"உன்னை யாருய்யா கேட்டா?"

"யாரும் கேக்கலண்ணே. கேக்கறப்ப நேரம் வீணாகக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சேன்."

ரொட்டிக்காரர் ஒரு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மாலையில் மாவு பிசைந்து குளிர் அறையில் வைப்பது. அங்கே அது இரவெல்லாம் நிதானமாகப் பொங்கட்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் ஓவனைப் போடுவது. வெயில் உச்சிக்கு வரும்போது மூன்று ஓவனும் ஒன்றாக ஓட வேண்டும்.

முதல் நாள் வீட்டில் படுத்தவருக்குத் தூக்கம் எப்படி இருந்தது என்பதைக் காலையில் மகள்தான் அறிவித்தாள். ஒன்பதாம் வகுப்பு படிப்பவள்.

"அம்மா, அப்பா ராத்திரி மூணு தடவ பிரிட்ஜைத் திறந்து மூடினாரு. கேட்டா, சூடு சரியா இருக்கான்னு பாத்தேங்கறாரு."

ஆனால் ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. இரவு படுத்துக் காலையில் எழுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டார். எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்தில் ரொட்டியின் மேல்தோல் எந்த நிறத்துக்கு வருகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் குழல்விளக்கு வெளிச்சத்தில், கொஞ்சம் கூடுதலாகவே வேகவிட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

இழப்பும் இருந்தது. விடியற்காலையில் பன் கேட்ட உணவகக்காரர், இனி வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். சாண்ட்விச் கடைக்காரரும் போய்விடுவார் என்றுதான் ரொட்டிக்காரர் பயந்தார். முந்தின நாள் மதியம் சுட்ட ரொட்டியை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் தானே வந்து நின்றார். ரொட்டிக்காரர் திட்டு வாங்கத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்ல. நேரம்தான்..."

"மாத்தினதையே வெச்சுக்குங்க. முன்னாடியெல்லாம் கத்திய வெச்சா துண்டு பிஞ்சு பிஞ்சு வரும். இப்பதான் கத்திக்கு அடங்குது. நாளையிலேர்ந்து கூடப் பத்து போடுங்க."

பெரிய வியப்பு மாலை நாலு மணிக்குக் காத்திருந்தது. இத்தனை வருஷமாக விடியற்காலையில் தெருநாய்கள் மட்டும் அனுபவித்த வாசனை, இப்போது பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவில் இறங்கிற்று. ஆபீஸ் முடிந்து போகிறவர்களும் நின்றார்கள். "சூடா இருக்கா?" என்று கேட்டவர்களுக்கு மனைவி பதிலே சொல்லவில்லை, ரொட்டியைக் கையில் கொடுத்தாள். அவர்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தபடி போனார்கள். இரண்டாம் வாரம் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் ஒருநாள் சகலையும் நின்றார்.

"நீங்க எதுக்கு அத்தான் வரிசையில? உள்ள வாங்க" என்றாள் மனைவி.

"வேண்டாம்மா. முன்னாடி நிக்கறவர்கிட்ட சோலார் பத்தி பேசிக்கிட்டிருக்கேன். பாதியில விட்டா தப்பா நெனப்பாரு."

அந்த மாத பில் வந்தபோது ரொட்டிக்காரர் அதை மனைவியிடம் கொடுத்தார். மனைவி இன்ஜினியர் பெண்ணுக்குப் படமெடுத்து அனுப்பினாள், மீட்டர் கெட்டுவிட்டதோ என்று. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஓவன்கள் பெரும்பாலும் கூரைக் கரண்டிலேயே ஓடியிருந்தன. வெளியிலிருந்து வாங்கியது மாலைப் பிசைவுக்கும் குளிர் அறைக்கும் மேகம் மறைத்த நாட்களுக்கும் மட்டும்தான். பில்லையும் கடன் தவணையையும் சேர்த்தாலும் பழைய பில்லைவிடக் குறைவு. இன்ஜினியர் பெண் திரும்பக் கணக்குப் போட்டுச் சொன்னாள்: இரும்புச் சட்டச் செலவைச் சேர்த்தும், போட்ட பணம் ஆறு வருஷத்துக்குள் வந்துவிடும். மாலை விற்பனை இப்படியே போனால் இன்னும் சீக்கிரம். காற்றாடியின் வாயை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், மாதம் ஒருமுறை பேனலைக் கழுவுங்கள் என்றும் சொன்னாள்.

ரொட்டிக்காரர் இரும்புச் சட்டத்துக்கு ஆன செலவைச் சகலையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"எனக்கும்தான் ஆச்சு" என்றார் சகலை. "உங்கள விட ஜாஸ்தி. வெளிய சொல்லுவேனா?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, ரொட்டி எல்லாம் விற்றுத் தட்டுகள் காலியானதும், மனைவி கடையை உப்புவிடம் ஒப்படைத்துவிட்டு அவரை மகளின் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப்போனாள். அன்று கைப்பந்துப் போட்டி. மகள் இரண்டு வருஷமாக அணியில் ஆடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். பார்த்ததில்லை. ஆட்ட நேரத்தில் அவர் எப்போதும் உறங்கிக்கொண்டிருப்பார்.

போய்ச் சேரும்போதே ஆட்டம் சூடு பிடித்திருந்தது. மகள் எம்பி அடித்த ஒரு பந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் சடாரென்று இறங்கியது. ரொட்டிக்காரர் தன்னை மறந்து எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க, அது கோட்டுக்கு வெளிய விழுந்துச்சு. பாயிண்ட் அவங்களுக்கு" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதனால என்ன? அடிச்ச அடியப் பாத்தியா!"

மகள் அவரைப் பார்த்துவிட்டு, யாரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த பந்தைக் கோட்டைவிட்டாள். அவர்கள் அணி தோற்றது.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் நடுவர் எங்கெங்கே தப்பு செய்தார் என்று அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். ரொட்டிக்காரருக்குப் பாதி புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் "அக்கிரமம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெருமுனையில் நின்று, அடுத்த போட்டி எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டார்.

"புதன்கிழமை. ஆனா அப்பா, நீங்க கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்" என்றார். அவர் கத்தாமல் இருக்கப்போவதில்லை என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.