பின்சீட்டுக்கு ஆறரை மார்க்

புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதை ஒரு மாதப் பத்திரிகையில் எழுதுவதுதான் அவருக்குத் தொழில். பதினோரு வருட அனுபவம். இந்த முறை அவர் கைக்கு வந்தது ஒரு குரூஸர் மோட்டார் சைக்கிள்: முந்நூற்றைம்பது சிசி, தாழ்ந்த சீட்டு, அகன்ற ஹேண்டில்பார், காலைச் சற்று முன்னால் நீட்டி வைத்துக்கொள்ள வசதியான ஃபுட்ரெஸ்ட். அவசரமில்லாமல் ஊர் சுற்ற இது சரிப்படுமா என்பதுதான் ஆசிரியர் கேட்டிருந்த கேள்வி. இரண்டு பேர் உட்கார்ந்து, போகவர இருநூற்றைம்பது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு எழுத வேண்டும்.

பின்சீட்டில் வழக்கமாக உட்காரும் அவர் மனைவி, முந்தின வாரம் ஆபீஸ் படிக்கட்டில் கால் பிசகி, கணுக்காலில் கட்டோடு சோபாவில் கிடந்தாள்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

"அத்தையையா?"

"ஏன், அவங்களுக்கு என்ன குறைச்சல்? என்னைப் பாத்துக்கிறேன்னு லீவு போட்டு வந்துட்டு, வீட்டுல இருக்கிற செருப்பு, ஷூ எல்லாத்தையும் திருப்பிப் பாத்துக் குறை சொல்லிட்டிருக்காங்க. ஒரு நாள் எனக்கும் நிம்மதியா இருக்கும்."

மாமியார் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவர். இருபத்தாறு வருடமாக, ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கையை விட்டுத் தடவி, தையலை எண்ணி, தேறாததைத் தனியே ஒதுக்கிவைப்பவர். மாப்பிள்ளைக்கு அவரிடம் மரியாதை பாதி, பயம் பாதி. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இருவரும் தனியாகப் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு" என்பதைத் தாண்டியதில்லை.

அவர் எப்படியும் மறுத்துவிடுவார் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். மாமியாரோ மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே மகளின் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஏறுவதற்கு முன் பின்சீட்டைக் கட்டைவிரலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"என்ன அத்தை?"

"நடுவுல பஞ்சு மெல்லிசா இருக்கு மாப்பிள்ளை. ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கப்புறம் பலகைதான்."

"இன்னும் உக்காந்தே பாக்கலையே."

"அதுக்குத்தானே போறோம்."

தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு கிளம்பினார்கள்.

நகரத்தின் சிக்னல்களைத் தாண்டியதும் சாலை விரிந்தது. எழுபதில் வண்டி ஒரே சீராகப் போனது. எஞ்சின் சத்தம் காதை அடைக்கவில்லை, மணிக்கட்டு வலிக்கவில்லை. மாப்பிள்ளை மனசுக்குள்ளேயே கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டார். 'மேகத்தின் மேல் உட்கார்ந்து மிதப்பதுபோல' என்ற வரி வந்து விழுந்தபோது தோளில் ஒரு தட்டு விழுந்தது. கிளம்பி ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

மாமியார் இறங்கி, இடுப்பைப் பிடித்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜாக்கெட் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி, அதையே வாசித்தும் காட்டினார்.

"வலது கெண்டைக்கால்ல சைலன்ஸர் சூடு அடிக்குது. பள்ளத்துல இறங்குனா கழுத்து வரைக்கும் அதிருது. பின்னால சாய ஒண்ணும் இல்ல, உங்க ஜாக்கெட்டைத்தான் பிடிச்சுக்கிட்டு வரணும். நல்லதும் இருக்கு. ஏற சுலபம். உங்க தலை மறைக்காம ரோடு தெரியுது."

"முன்னால எனக்கு ஒண்ணுமே தெரியலையே அத்தை. ரொம்ப சுகமா இருந்துச்சு."

"உங்க சீட்டு வேற, என் சீட்டு வேற. இடது ஷூ நல்லா இருந்து வலது ஷூ கடிச்சா, ஜோடியைப் பாஸ் பண்ண முடியுமா?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மேகமும் மிதப்பும் இருந்த இடம் தெரியாமல் போயின. கழுத்து வரை அதிர்கிறது என்ற பேச்சு மட்டும் மண்டையில் நின்றது. குனிந்து பார்த்தார். பின்சக்கர ஸ்பிரிங் இரண்டுமே ஒரு ஆளுக்கு ஏற்றபடி தளர்த்தி விடப்பட்டிருந்தன. கிளம்பும் முன் பார்த்திருக்க வேண்டிய விஷயம். டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரு பக்கமும் இரண்டு படி இறுக்கினார்.

"இப்ப பாருங்க."

அடுத்த பள்ளம் வந்தது, போனது. தட்டு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது மாமியார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு அறுபதுக்கு மேல் போகவில்லை. அந்த வேகத்தில் பேசினால் காதில் விழுந்தது. மாமியார் ஷூ கம்பெனிக் கதைகளை எடுத்துவிட, மாப்பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு வேகத்திலேயே, ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் முன்னால் இருந்த சரிவில் வண்டியை நேராக இறக்கி, முன்சக்கரம் சுவரில் முட்டும்படி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோதுதான் சங்கதி புரிந்தது. முன்னால் சுவர், பின்னால் மேடு, காலடியில் ஜல்லி. வண்டியின் எடை நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, காலை ஊன்றிப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை, ஷூதான் வழுக்கியது. இறங்கி நின்று இழுத்தார். முகம் சிவந்தது, வண்டி ஒரு விரல்கடை நகர்ந்து மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"ரிவர்ஸ் கியர் இல்லையா?" என்றார் மாமியார்.

"பைக்குக்கு ரிவர்ஸ் கிடையாது அத்தை."

"அது தெரிஞ்சேதான் மூக்கைக் கொண்டுபோய் செவுத்துல வச்சீங்களா?"

அவர் மறுபடி ஹேண்டில்பாரைப் பிடித்தார். மாமியார் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் புகுந்து, ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு லாரி டிரைவரும் கை கொடுத்தார். மூவருமாக மூச்சு முட்டத் தள்ளி வண்டியை மேட்டில் ஏற்றினார்கள்.

"வண்டிக்குப் புதுசாம்மா இவரு?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

"இல்லப்பா. எந்த வண்டி நல்ல வண்டின்னு ஊருக்கே எழுதிச் சொல்றவரு," என்றார் மாமியார், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

லாரி டிரைவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அதைப் பார்த்த பிறகு மாமியாரால் அடக்க முடியவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டார், மூச்சு திரும்பியதும்.

"எழுதணுமா? மானம் போகுமே."

"நான் ஒரு தடவை நாப்பது பெட்டியைப் பாஸ் பண்ணி அனுப்பிட்டேன் மாப்பிள்ளை. வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது, எல்லாமே இடது கால். காலைல முதல் ஆளாப் போய் நானே மேனேஜர்கிட்டச் சொன்னேன். ரெண்டு மாசம் எல்லாரும் என்னை 'இடதுகால்'னுதான் கூப்பிட்டாங்க. அதனால என்ன குறைஞ்சு போச்சு?"

திரும்பும் வழியில் மணிக்கொரு தரம், தட்டுக்குக் காத்திராமல் மாப்பிள்ளையே நிறுத்தினார். வெயில் தாழ்ந்த நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். முதுகு வலிக்கவில்லை என்று இருவருமே சொன்னதை மகள் நம்பவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டுரையை எழுதி வாய்விட்டுப் படித்தார். 'சொகுசான வண்டி' என்ற இடத்தில் மாமியார் குறுக்கிட்டார்.

"எத்தனை மணி நேரத்துக்கு?"

'முன்னால் நாள் முழுக்க, பின்னால் ஒரு மணி நேரம்' என்று திருத்தினார். முன்சீட்டுக்கு எட்டு மார்க் போட்டார். பின்சீட்டுக்கு ஏழு கேட்டார்.

"ஆறு," என்றார் மாமியார்.

"ஸ்பிரிங்கை இறுக்கினப்புறம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"சரி, அதுக்கு ஒரு அரை. அதுக்கு மேல ஒரு நூல்கூட ஏத்த மாட்டேன்."

'நிதானமாக ஊர் சுற்றத் தாராளமாக வாங்கலாம். இரண்டு பேர் போவதானால் ஸ்பிரிங்கை இறுக்கி, பின்னால் சாய்மானம் வைத்துக்கொள்ளவும்' என்று முடித்தார். சரிவில் மூக்கை நுழைத்த கதையையும் மறைக்காமல் எழுதினார். ஆசிரியர் அதை மட்டும் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டார். தாங்களும் அப்படி மாட்டிக்கொண்டு முழித்ததாக வாசகர்கள் பதினாலு பேர் எழுதியிருந்தார்கள். அவற்றில் மூன்று கடிதம் 'பின்சீட்டு அம்மா' அடுத்து எந்த வண்டியில் ஏறுகிறார் என்று கேட்டன.

கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்திருந்த மகள் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு, "அடுத்த டெஸ்டுக்கு நான்தானே?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக வந்திருந்த மாமியாரை மாப்பிள்ளை பார்த்தார். மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"கடைத்தெரு வரைக்கும்னா நீ போ. நூறு கிலோமீட்டருக்கு மேலன்னா நான் போறேன்."