இருபத்தாறு வெற்று வட்டங்கள்

மருந்துக்கடைக்காரியின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், குருட்டாம்போக்கில் எதையும் உளறாதே. கடைச் சட்டம்தான் மெல்ல வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மருத்துவர் கிறுக்கிய சீட்டில் ஓர் எழுத்து புரியாவிட்டாலும், போன் போட்டுக் கேட்காமல் அவள் மாத்திரைப் பட்டையில் கைவைக்க மாட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரு தப்பு கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

மகள் அப்படியே அம்மாவை உரித்து வைத்தவள். "மழை வருமாம்மா?" என்று அப்பா ஜன்னலைப் பார்த்துச் சும்மா கேட்டால்கூட, "உறுதியாச் சொல்ல முடியாதுப்பா" என்பாள். பஸ் ஓட்டும் அந்த மனுஷர் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்துவிட்டார்.

அந்த வருடம் ஜட்ஜம்மா பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். பாலம் கட்டும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்கு முன்னால், கல்லூரி போக நினைக்கும் பிள்ளைகள் எல்லோரும் எழுதியே ஆகவேண்டிய பொதுத் தேர்வு இருக்கிறதே, அதைத் தாண்ட வேண்டும். நூற்றிருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, நாலு வட்டம். சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அவள் ஆசைப்பட்ட கல்லூரி தொண்ணூறு மதிப்பெண் கேட்டது. வந்தது எண்பத்துநாலு.

"எத்தனை தப்பு?" என்றாள் அம்மா.

"பத்துதாம்மா."

"அப்ப மீதி இருபத்தாறு?"

"சரியாத் தெரியல. அதான் குறிக்காம விட்டுட்டேன்."

அம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது! கூத்தைப் பாருங்கள். ஆறு மதிப்பெண்ணில் பிள்ளையின் கனவு கைநழுவிக்கொண்டிருக்கிறது, இவள் நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று பூரித்துப் போகிறாள்.

மறுநாள்தான் தேர்வு விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்தாள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளையே ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள். பதினோராம் பக்கத்தின் அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டிய எழுத்தில் இருந்தது: தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது. அவள் அதை மூன்று தரம் படித்தாள். நாலில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் இருபத்தாறில் ஆறு தேறியிருக்குமே! தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாய்ப்பு இருக்குடி. அஞ்சு வாரம் கழிச்சு. இந்தத் தடவை ஒண்ணையும் விடாதே, தெரியாததையும் குறிச்சிடு."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி குறிச்சா அது பொய்தானே? நீதானே சொல்லிக் குடுத்தே?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. இரண்டாவது தேர்வோடு கல்லூரியின் கதவு சாத்தப்படும். மகளோ வீட்டில் எழுதிப் பார்த்த மூன்று மாதிரித் தாளிலும் இருபதுக்குக் குறையாமல் வட்டங்களை வெறுமையாக விட்டிருந்தாள். கெஞ்சினாலும் நடக்கவில்லை, அதட்டினாலும் நடக்கவில்லை. என் வாயால் போட்ட சட்டம் என் பிள்ளையின் வழியிலேயே குறுக்கே படுத்துக்கிடக்கிறதே என்று அவள் நொந்துபோனாள்.

சனிக்கிழமைகளில் மகள் கடைக்கு வந்து பெட்டிகளை அடுக்கிக் கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு சனிக்கிழமை, தபால்காரர் வந்தார். மனைவியின் மாத்திரை தீர்ந்துவிட்டதாம், பெயர் தெரியாதாம், சீட்டு தொலைந்துவிட்டதாம்.

"என்ன கலர்ங்க?"

"வெள்ளை."

"நடுவுல கோடு இருக்குமா?"

"இருக்கும் இருக்கும்."

"ரெண்டு வேளையா?"

"காலையில மட்டும். வெறும் வயித்துல."

அம்மாவின் கை மேல்தட்டுக்குப் போய் ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தது. பிறகு அவர் மனைவியின் மருத்துவருக்குப் போன் போட்டாள். அதேதான் என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகே பெட்டி கைமாறியது. தபால்காரர் தலை மறைந்ததோ இல்லையோ, மகள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! நீ ஊகிச்சே!"

"சீ, நானாவது ஊகிக்கிறதாவது."

"போன் பண்றதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சியே! கலர் கேட்டு ரெண்டைக் கழிச்சே, வேளை கேட்டு இன்னொண்ணைக் கழிச்சே, மிச்சம் இருந்ததை எடுத்தே. நான் பாத்துட்டுதானே இருந்தேன்!"

அம்மா மேஜைமேல் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகத் தினமும் செய்கிற வேலை, அதற்கு ஊகம் என்று பேர் வைக்க மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ஆமாடி, ஊகிக்கிறேன். ஆனா சரிபாக்காம குடுக்க மாட்டேன்."

"பரீட்சையில யாரு சரிபாப்பாங்க?"

"திருத்துறவங்க இருக்காங்கல்ல, அது அவங்க பாடு. நீ எடுத்து மேஜைமேல வை, போதும்."

மகள் சிரித்தாள் பாருங்கள், அடடா, கடையே நிறைந்துபோயிற்று.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வயது, டப்பாவில் மிச்சமிருக்கும் பிஸ்கட், அப்பாவின் பஸ் இன்று எத்தனை நிமிடம் தாமதம் என்று ஜட்ஜம்மா எல்லாவற்றையும் ஊகித்துத் தள்ளினாள். முதலில் ஆகாததைக் கழிப்பாள், மிச்சத்தில் ஒன்றைப் பிடிப்பாள். தப்பானால் "போகட்டும்" என்று கையை உதறுவாள். "தாயே, என் சம்பளத்தை மட்டும் வெளியே சொல்லிடாதே" என்று அப்பா கும்பிட்டார். தேர்வு எழுதி முடித்து அவள் வெளியே வந்தபோது விரலெல்லாம் பென்சில் கரி. ஒரு வட்டம்கூட வெறுமையாக இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. போனைப் பிடித்தபடி கடைக்குள் பாய்ந்தாள் மகள். "தொண்ணூத்தி மூணும்மா! தொண்ணூத்தி மூணு!" அம்மா மேஜையைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல் எட்டி அவளைக் கட்டிக்கொண்டாள். இருமல் மருந்துக்கு நின்றிருந்த பெண்மணி இருமலை மறந்து கைதட்டினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருமல்காரருக்கு மருந்தோடு ஒரு முத்தமும் கிடைத்தது.

அப்பாவுக்குப் போன் பண்ண மகள் வாசலுக்கு ஓடினாள். போன வேகத்தில் நின்றாள். கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம், அம்மாவின் குண்டு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சனிக்கிழமைகளில் கடையில் உதவ ஆள் தேவை. என் மகள் கல்லூரிக்குப் போகிறாள்.'

"இதை எப்ப ஒட்டினே?"

"செவ்வாக்கிழமை."

"ரிசல்ட் இன்னைக்குத்தானேம்மா வந்துச்சு! யாருக்குப் போன் பண்ணிச் சரிபாத்தே?"

மருந்துக்கடைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் பண்ணலடி" என்றாள்.